ஓடுகிற வாட்சை எப்போது சர்வீசுக்குக் கொடுப்பது? உப்புக் காற்றில் வாழ்பவருக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மண்டபத்தில் இருக்கிறீர்கள். வாரம் மூன்று நாள் விசைப்படகில் கடலுக்குப் போகிறீர்கள். அப்பா கட்டிய எச்.எம்.டி. ஜனதா ஒன்று, துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த சீக்கோ 5 ஒன்று, இரண்டும் உங்களிடம் இருக்கின்றன, இரண்டும் ஓடுகின்றன. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்யாவிட்டால் மெஷின் போய்விடும் என்கிறார் கடைக்காரர். நிற்கும்வரை கை வைக்காதே என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எதை நம்புவது என்பது கேள்வி. எத்தனை வருடம் என்று கேட்பது போலத் தெரிந்தாலும், நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு: நன்றாக ஓடுவதாகத் தெரிகிற வாட்ச் உள்ளே தேய்ந்துகொண்டிருக்கிறதா என்பதை மூடியைத் திறக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் அது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

சர்வீஸ் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, மெஷினைக் கழற்றிக் கழுவிப் புது எண்ணெய் வைப்பது. இன்னொன்று, தண்ணீரும் ஈரக் காற்றும் உள்ளே போகாமல் தடுக்கிற ரப்பர் வாஷர்களை மாற்றுவது. மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இருப்பவர் இரண்டையும் ஒன்றாகச் செய்துகொள்ளலாம். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கடலை ஒட்டி இருப்பவர்கள் இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணெயின் கணக்கு நீளமானது, வாட்சே அறிகுறி காட்டும். வாஷரின் கணக்கு குட்டையானது, அது எந்த அறிகுறியும் காட்டாது. உங்கள் கடைக்காரர் சொல்லும் இரண்டு வருடம் வாஷருக்கு ரொம்பச் சரி. மெஷினுக்கு அது அவசியமில்லை.

எண்ணெய் விஷயத்தில் சந்தேகமே இல்லாதது இது. ஜனதாவின் பேலன்ஸ், அதாவது இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரம், மணிக்கு 18,000 முறை அடிக்கிறது. ஒரு நாளைக்கு 4,32,000, ஒரு வருடத்துக்குக் கிட்டத்தட்ட 15 கோடியே 77 லட்சம். சீக்கோ 5 மணிக்கு 21,600, அதாவது ஒரு நாளைக்கு 5,18,400. இத்தனை ஆட்டத்தையும் தாங்குவது தலைமுடி அளவுக்கு மெலிந்த எஃகு முனைகள். அவை செயற்கை மாணிக்கக் கல்லின் துளையில் உட்கார்ந்து சுழல்கின்றன. நடுவில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத அளவு எண்ணெய். அது காய்ந்தாலோ இடம்விட்டு நகர்ந்தாலோ வாட்ச் உடனே நிற்பதில்லை. எஃகு கல்லோடு நேராக உரசி நுண்ணிய துகளை உதிர்க்கிறது, துகள் துருவாகிறது. நகைக்கடையில் பாலிஷ் போடப் பயன்படும் சிவப்புப் பொடியும் இந்த இரும்புத் துருதான். பாலிஷ் பொடியோடு சுற்றும் முனை தன்னைத்தானே அரைத்துக்கொள்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கல்லைச் சுற்றிச் செம்பழுப்பு வளையம் தெரியும். அப்போதும் வாட்ச் ஓடிக்கொண்டுதான் இருக்கும். நிற்கும்வரை தொடாதே என்ற அறிவுரையின் குறை இங்கேதான். நிற்கிற நாளில் எண்ணெய் வைத்தால் போதாது, சக்கரத்தையே மாற்ற வேண்டியிருக்கும். கல் வைக்காத இடங்கள் இன்னும் மோசம். வாட்சை ஓட்டும் மெயின் ஸ்பிரிங் சுருண்டிருக்கும் டிரம்மின் அச்சு பல மெஷின்களில் பித்தளைத் துளையிலேயே சுழல்கிறது. எண்ணெய் இல்லாவிட்டால் அந்தத் துளை முட்டை வடிவமாகத் தேய்ந்து டிரம் சாய்ந்துவிடும்.

உறுதியாகச் சொல்ல முடியாதது வருடக் கணக்கு. ரோலெக்ஸ் சுமார் 10 வருடம் என்கிறது. ஒமேகா 5 முதல் 8 என்கிறது. கிராண்ட் சீக்கோவுக்கு 3, 4 வருடம் என்கிறார்கள். எல்லாமே நல்ல எண்ணெய் வைக்கிற கம்பெனிகள்தான், ஆனாலும் எண்கள் இவ்வளவு விலகி நிற்கின்றன. காரணம், எண்ணெயின் ஆயுளைத் தீர்மானிப்பது காலண்டர் மட்டும் இல்லை. என்ன எண்ணெய், எவ்வளவு வைத்தார்கள், வைப்பதற்கு முன் கல்லை எவ்வளவு சுத்தம் செய்தார்கள், உறை எவ்வளவு இறுக்கமாக மூடியிருக்கிறது, எந்தச் சூட்டில் கிடக்கிறது என்று எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அப்பாவின் ஜனதாவுக்குக் கடைசியாக யார், எதை வைத்துக் கழுவினார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. அப்படியிருக்க, 5 வருடம் என்று எண்ணி ஒரு தேதி குறிப்பதில் அர்த்தமில்லை. வாட்சையே கேட்டுப் பார்ப்பதுதான் வழி. அதற்கு வருமுன் உப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நம் கரையில் உப்பு என்ன செய்யும் என்பதற்குப் பாம்பனைத் தாண்டி சாட்சி வேண்டாம். 1914-ல் திறந்த ரயில் பாலத்தில் துரு முற்றி, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் விசேஷப் பெயிண்டும் தேவைப்பட்டன. வாட்சுக்குள் போகிற உப்பின் கதையில் பலருக்குத் தெரியாத ஒரு பகுதி உண்டு. சமையல் உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீர் விட்டுக்கொள்ளும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். நம் ஊர்க் காற்று அதற்குக் கீழே காய்வது அபூர்வம். அதனால் ஒருமுறை கடல் தண்ணீர் போன வாட்ச் காய்ந்துவிட்டது என்று நாம் நினைக்கிறபோதும் உள்ளே இருக்கிற உப்புப் படலம் ஈரமாகவே இருக்கும், இரவும் பகலும் துருப்பிடிக்கும். அரிசிக்குள் புதைத்து வைப்பது, வெயிலில் காய வைப்பது இரண்டும் தண்ணீரை மட்டும்தான் எடுக்கும். உப்பு அங்கேயேதான் இருக்கும்.

உப்பு பெரும்பாலும் சாவி வழியாகத்தான், அதாவது பக்கத்தில் இருக்கும் திருகு குமிழ் வழியாகத்தான் நுழைகிறது. சாவிக்குள் இருக்கும் சின்ன ரப்பர் வளையம் ஒவ்வொரு முறை இழுத்து அழுத்தும்போதும் தேய்கிறது. கச்சான் காற்றில் பறக்கும் மணல் அங்கே ஒட்டினால் இன்னும் சீக்கிரம். பின்மூடி வாஷர் தேய்வதில்லை, நசுங்கித் தட்டையாகி இறுகிப்போகிறது. வெயில், டீசல், வியர்வை மூன்றும் அதைக் கெடுக்கும். படகில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு, அதை யாரும் கவனிப்பதில்லை. வெயிலில் 50 டிகிரி வரை சூடேறிய வாட்சோடு ஐஸ் பெட்டிக்குள் கையை விடுகிறீர்கள். உள்ளே இருக்கும் காற்று 10 டிகிரிக்கு இறங்கினால் அழுத்தம் எட்டில் ஒரு பங்கு குறையும். வாஷரில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் வெளியே இருக்கிற ஈரத்தை வாட்ச் உறிஞ்சிக்கொள்ளும். கடலில் முங்கவே வேண்டியதில்லை.

ஆகவே சீக்கோவுக்குப் பின்மூடி வாஷர், சாவி வாஷர் இரண்டையும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். படகில் தினம் கட்டுகிறவராக இருந்தால் வருடம் ஒருமுறை. சாவி வாஷர் தனியாகக் கிடைக்காவிட்டால் சாவியையே மாற்றுவார்கள். மாற்றும்போது வாஷரில் லேசாக சிலிகான் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். வார் மாட்டும் ஸ்பிரிங் பின்களையும் அப்போதே மாற்றிவிடுங்கள். இந்தக் கரையில் மெஷின் கெட்டுப் போன வாட்சைவிடப் பின் துருப்பிடித்து அறுந்து கடலில் விழுந்த வாட்ச் அதிகமாக இருக்கும். ஒரு பின்னின் விலை ஒரு டீ விலையைச் சுற்றித்தான் வரும்.

உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. தண்ணீர் தாங்கும் வாட்சுகளுக்கான சர்வதேசத் தரத்திலும் இதே முறைதான் இருக்கிறது. வாட்சைக் கையில் தொட்டால் நன்றாகச் சுடுகிற அளவு, அதாவது 40 முதல் 45 டிகிரி வரை, சூடாக்குங்கள். வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தாலே போதும். கண்ணாடி மேல் குளிர்ச்சியான ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துவிடுங்கள். அந்த இடத்தில் கண்ணாடியின் உட்புறம் பனி படிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அது பிறகு தானாக மறைந்தாலும் இருக்கிறது என்றே அர்த்தம். அந்த வாட்சை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. சாவியைச் சுற்றும்போது மணலை அரைப்பது போல நெறுநெறுத்தாலும், இழுக்கும்போது தண்டில் பழுப்புப் பொடி தெரிந்தாலும் அதே அவசரம்தான். துரு முதலில் பிடிப்பது சாவியின் தண்டான ஸ்டெம்மிலும், அதை ஒட்டி முள்ளைத் திருப்ப உதவும் செட்டிங் பாகங்களிலும்தான். அங்கிருந்து உதிரும் பொடி சக்கரங்களுக்குப் போகும்.

இனி மெஷினுக்கு வருவோம். ஒரு வார வேலை இது. வாட்சையும் ஒரு சின்ன நோட்டையும் தவிர வேறெதுவும் வேண்டாம். ஜனதாவை முதலில் முழுதாக நிற்க விடுங்கள். நின்றபின் அசைக்காமல் சாவியை மெல்லச் சில சுற்றுச் சுற்றுங்கள். நல்ல நிலையில் இருக்கும் மெஷின் தானாகவே ஓட ஆரம்பிக்கும். ஒவ்வொரு முறையும் குலுக்கினால்தான் ஓடுகிறது என்றால் உராய்வு ஏறியிருக்கிறது அல்லது பேலன்ஸின் நடுநிலை தப்பியிருக்கிறது. பிறகு விரலுக்குத் தடை தட்டும்வரை முழுசாகச் சாவி கொடுத்து, போன் நேரத்தோடு நொடி வரை ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தினம் அதே நேரத்தில் சாவி கொடுத்து, அதே நேரத்தில் வித்தியாசத்தை எழுதுங்கள். ஒரு நாளைக்கு 20 நொடி கூடவோ குறையவோ ஓடுவது ஜனதாவுக்குக் கெடுதல் இல்லை. தினமும் 20 நொடி கூட ஓடுகிற வாட்சை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரைத் தொட்டுச் சரிசெய்துவிடலாம், சர்வீஸ் வேண்டாம். ஒரு நாள் 10 நொடி கூட, மறுநாள் 50 நொடி குறைய, அதற்கு மறுநாள் 5 நொடி கூட என்று நிலையில்லாமல் ஓடினால் அதுதான் நோய். எவ்வளவு தப்புகிறது என்பதைவிட ஒரே மாதிரி தப்புகிறதா என்று பாருங்கள். சீக்கோவின் 4ஆர்36 என்ற மெஷின் வகைக்குக் கம்பெனியே ஒரு நாளைக்குக் கூட 45, குறைய 35 நொடி வரை சரி என்று சொல்கிறது. அந்த எல்லைக்குள் நின்றுகொண்டே ஒரு மெஷின் தேய முடியும்.

அடுத்தது எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பது. முழுச் சாவி கொடுத்து டயல் மேலே பார்க்க மேசையில் வைத்துவிட்டு எப்போது நிற்கிறது என்று பாருங்கள். நல்ல ஜனதா ஒன்றரை நாளாவது ஓட வேண்டும். 30 மணி நேரத்துக்குள் நின்றுவிட்டால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது அல்லது எண்ணெய் காய்ந்திருக்கிறது. உங்கள் சீக்கோ எந்த மெஷின் என்பதைப் பின்மூடியில் பாருங்கள். இணைப்புக் கோட்டுக்கு முன்னால் இருக்கும் நான்கு எழுத்துதான் மெஷின் எண், 7009 அல்லது 7எஸ்26 என்று இருக்கும். அதே மூடியில் இருக்கும் வரிசை எண்ணின் முதல் இலக்கம் தயாரித்த வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். இந்த இரண்டு மெஷின்களுக்கும் கையால் சாவி கொடுக்க முடியாது. கட்டியிருந்தால்தான் ஏறும். ஆகவே ஒரு முழுநாள் கட்டிவிட்டுக் கழற்றி வைத்துப் பாருங்கள். 40 மணி நேரத்தை ஒட்டி ஓடினால் நல்லது. இரவு கழற்றி வைத்த வாட்ச் காலையில் நின்றிருந்தால் கெட்டது. ஆனால் அன்று கையை அதிகம் அசைக்காமல் இருந்திருந்தாலும் இப்படி ஆகும். அதனால் ஒரு நாளை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

மூன்றாவது சோதனைக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். ஓர் இரவு டயல் மேலே பார்க்கப் படுக்க வையுங்கள். அடுத்த இரவு சாவி கீழே இருக்கும்படி நிற்க வையுங்கள். இரண்டு இரவுகளின் வித்தியாசத்தைக் கணக்கிட்டு ஒரு நாளைக்கு எத்தனை நொடி என்று மாற்றிப் பாருங்கள். பேலன்ஸ் சக்கரம் முழு வீச்சில் ஆடும்போது படுத்தாலும் நின்றாலும் நேரம் அதிகம் மாறாது. வீச்சு குறையக் குறைய, சக்கரத்தின் எடைச் சமனில் இருக்கும் சின்னக் குறைகூட நிற்கிற நிலையில் பெரிதாக வெளிப்படும். இரண்டுக்கும் இடையில் 40 நொடிக்கு மேல் வித்தியாசம் வந்தால், அதுவும் போன வருடம் இல்லாமல் இந்த வருடம் வந்தால், மெஷின் சர்வீஸ் கேட்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். போன வருடத்தோடு ஒப்பிட வேண்டும் என்பதற்காகத்தான் நோட்டில் எழுதச் சொல்கிறேன்.

சர்வீஸ் தேவையில்லாத ஒரு கோளாறையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்குப் பலர் வீணாகப் பணம் கட்டுகிறார்கள். நேற்றுவரை சரியாக ஓடிய வாட்ச் இன்று திடீரென்று ஒரு நாளைக்கு 5 நிமிடம், 10 நிமிடம் என்று முந்தி ஓடினால் பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கிறது. போன் கவரில் இருக்கும் காந்தம், ஸ்பீக்கர், எஞ்சின் அறை டைனமோ, இவற்றில் எதுவும் காரணமாகலாம். பேலன்ஸை ஆடவைக்கும் மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஸ்பிரிங் குட்டையானதுபோல வேலை செய்யும். ஒரு சின்னத் திசைகாட்டியை ஓடுகிற வாட்சின் மேல் வைத்துப் பாருங்கள். முள் துடித்தால் காந்தம்தான். காந்தம் நீக்கும் கருவி வைத்திருக்கும் கடையில் சில நொடி வேலை. அதை நீக்கியும் முந்தி ஓடினால் ஹேர் ஸ்பிரிங்கில் எண்ணெய் பட்டு ஒட்டியிருக்கலாம், அடிபட்டும் கோணியிருக்கலாம். அப்போதுதான் திறந்து பார்க்க வேண்டும்.

டைம்கிராஃபர் கருவி வைத்திருக்கும் கடை ராமநாதபுரத்திலோ மதுரையிலோ கிடைத்தால் நோட்டுக் கணக்கோடு அதையும் சேர்த்துப் பார்க்கலாம். அது மைக் வைத்து வாட்சின் சத்தத்தைக் கேட்டு மூன்று எண்களைத் தரும். ஒரு நாளைக்கு எத்தனை நொடி என்பது முதல் எண். ஆம்ப்ளிட்யூட், அதாவது பேலன்ஸ் ஒரு பக்கம் எத்தனை பாகை வீசுகிறது என்பது இரண்டாவது. டிக்குக்கும் டாக்குக்கும் இடையே எத்தனை மில்லி நொடி வித்தியாசம் என்பது மூன்றாவது. முழுச் சாவியில், டயல் மேலே வைத்து, ஜனதா 260-க்கு மேல் காட்டினால் மகிழ்ச்சி. சீக்கோ 7எஸ்26 இயல்பாகவே கொஞ்சம் குறைவாக வீசும், 240 காட்டினாலும் பயப்பட வேண்டாம். 24 மணி நேரம் கழித்து மறுபடி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது 200-க்குக் கீழே விழுந்தால் கழுவிப் புது எண்ணெய் வைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. மூன்றாவது எண் 1 மில்லி நொடிக்குள் இருந்தால் போதும். ஒரு எச்சரிக்கை: கருவியில், மெஷினுக்கு மெஷின் மாறும் லிஃப்ட் ஆங்கிள் என்ற கோண அளவைச் சரியாக வைக்காவிட்டால் ஆம்ப்ளிட்யூட் பொய் சொல்லும். பொதுவாக 52 என்று வைத்திருப்பார்கள், 7எஸ்26-க்கு 53. ஒரு பாகை தவறினால் ஆம்ப்ளிட்யூடில் ஐந்து பாகை தப்பும். போனில் இறக்கிக்கொள்ளும் ஆப்களும் உண்டு. அமைதியான அறையில் நொடிக் கணக்கை அவை நன்றாகவே சொல்கின்றன. ஆம்ப்ளிட்யூடுக்கு அவற்றை நம்பாதீர்கள்.

உங்கள் இரண்டு வாட்சுக்கும் என் முடிவு வேறு வேறு. விலை உயர்ந்த வாட்சுக்கு அடிக்கடி சர்வீஸ், மலிவான வாட்சை ஓடும்வரை ஓட விடலாம் என்று பொதுவாக நினைக்கிறோம். பார்க்க வேண்டியது உதிரிபாகம் கிடைக்கிறதா என்பதை. எச்.எம்.டி. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியின் துணையோடு பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. வாட்ச் கம்பெனியை மூட மத்திய அரசு 2016-ல் முடிவெடுத்தது. இன்று ஜனதாவுக்குச் சக்கரமோ பேலன்ஸோ வேண்டுமென்றால் பழைய இருப்பிலிருந்தோ இன்னொரு செத்த ஜனதாவிலிருந்தோதான் வர வேண்டும். ஒரு முனை தேய்ந்தால் அதற்கு மாற்று வருடா வருடம் அரிதாகிக்கொண்டே போகும். அதனால் ஜனதா தினம் கட்டும் வாட்சாக இருந்தால் சோதனையில் பெரிய குறை தெரியாவிட்டாலும் 4, 5 வருடத்துக்கு ஒருமுறை கழுவி எண்ணெய் வையுங்கள். வாங்கிய விலையைவிடச் சர்வீஸ் செலவு அதிகம் என்று கணக்குப் பார்க்க வேண்டாம், அது அப்பாவின் வாட்ச். கடலுக்கு மட்டும் அதைக் கட்டிப் போகாதீர்கள். அழுத்தி மூடும் பின்மூடியும் பிளாஸ்டிக் கண்ணாடியும் கொண்ட வாட்ச் அது, அலை தெறிப்பதற்குச் செய்யப்பட்டதில்லை. டயலில் போட்டிருக்கும் பாராஷாக் என்பது கீழே விழும் அடியிலிருந்து பேலன்ஸ் முனையைக் காக்கும் அமைப்பு, தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டயல் மங்கிவிட்டது, புது டயல் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அப்பா பார்த்த டயல் ஒருமுறை போனால் போனதுதான்.

சீக்கோ நேர்மாறு. 7எஸ்26-க்குப் பாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. மெஷினை முழுசாக மாற்றிக்கொள்வதே சில சமயம் நல்ல சர்வீஸைவிடக் குறைந்த செலவில் முடியும். அதனால் வாஷரை ஒழுங்காக மாற்றிக்கொண்டு, சோதனையில் குறை தெரியும்வரை மெஷினைத் தொடாமல் ஓட்டலாம். நிற்கும்வரை தொடாதே என்பவர்கள் பெரும்பாலும் இந்த மாதிரி வாட்சை மனதில் வைத்துத்தான் பேசுகிறார்கள். வாஷர் நன்றாக இருக்கிற வாட்சுக்கு அது தவறில்லை. 7009 என்றால் வயது அதிகம், பாகம் சற்றுத் தேட வேண்டியிருக்கும், ஜனதாவுக்குச் சொன்னதையே அதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். பின்மூடியில் எண் எதுவும் இல்லாமல் வாட்டர் ரெசிஸ்டண்ட் என்று மட்டும் இருந்தால் கை கழுவலாம், மழையில் நனையலாம், அவ்வளவுதான். 30 மீட்டர் என்று போட்டிருந்தாலும் 30 மீட்டர் ஆழம் முங்கலாம் என்று பொருள் இல்லை. கடலிலிருந்து வந்ததும் வாட்சைத் துடைப்பதற்கு போர் தண்ணீரை எடுக்காதீர்கள், நம் பக்கம் அதுவே உவர். குடிக்கிற காவிரித் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, சாவியைச் சுற்றியும் வாரின் மூட்டுகளிலும் துடையுங்கள்.

சர்வீஸ் என்ற பெயரில் என்ன செய்வார்கள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தவறான சர்வீஸ் சர்வீஸே செய்யாததைவிட மோசம். மெஷினை அப்படியே பெட்ரோலில் முக்கி எடுத்து, ஊதிக் காயவைத்து, மேலே தெரிகிற கற்களில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவது இன்றும் நடக்கிறது. பழைய எண்ணெயின் பிசுக்கு கரைந்து கல் துளைக்குள்ளேயே படிந்துவிடும். டிரம்முக்குள் இருக்கும் மெயின் ஸ்பிரிங் எண்ணெய் இல்லாமல் போகும். அதிகமான எண்ணெய் பரவி ஹேர் ஸ்பிரிங்கில் ஏறும். முதல் மாதம் வாட்ச் பிரமாதமாக ஓடும், பிறகு பழைய நிலைக்கும் கீழே போகும். சரியான முறையில் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை முதலில் தளர்த்தி, ஒவ்வொரு சக்கரத்தையும் கழற்றி, தனித்தனியாகக் கழுவி, கல் துளைகளைக் கூர்சீவிய மரக்குச்சியால் துடைத்து, முனைகளை லென்சில் பார்த்து, பிறகு இடத்துக்கேற்ற எண்ணெய் வைப்பார்கள். வேகமாகச் சுற்றும் முனைகளுக்கு மெல்லிய எண்ணெய், டிரம் பக்கம் கெட்டியானது, சக்கரத்தை டிக் டிக்கென்று விட்டுவிட்டு ஓடவைக்கும் பேலட்டின் கற்களுக்கு அதற்கென்ற கிரீஸ். பேலட்டின் சொந்த முனைகளுக்கு வழக்கமாக எண்ணெயே வைப்பதில்லை. உங்கள் சீக்கோ மாதிரி கை அசைவில் சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் வாட்சின் டிரம் சுவருக்குத் தனி கிரீஸ் உண்டு. அது இல்லாவிட்டால் ஸ்பிரிங் சீக்கிரமே வழுக்கி, முழுச் சாவி ஏறாமல் போகும். கடையில் மூன்றே கேள்வி கேளுங்கள்: டிரம்மைத் திறந்து மெயின் ஸ்பிரிங்கை வெளியே எடுப்பீர்களா, வாஷர் புதுசு போடுவீர்களா, கொடுக்கும்போது முழுச் சாவியிலும் 24 மணி நேரம் கழித்தும் ஆம்ப்ளிட்யூட் எவ்வளவு என்று எழுதித் தருவீர்களா. இந்த வேலை தெரிந்தவர் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், சந்தோஷமாகவே சொல்வார். ஒரு வாரம் ஆகும் என்று அவர் சொன்னால் அவசரப்படுத்தாதீர்கள். பல நிலைகளில் வைத்து ஓட்டிப் பார்க்க அந்த நாட்கள் வேண்டும்.

கடல் தண்ணீர் உள்ளே போய்விட்டால் மேலே சொன்ன எந்தச் சோதனையும் வேண்டாம், மணிக்கணக்குத்தான் முக்கியம். அன்றைக்கே கடைக்குப் போங்கள். சாவியைச் சுற்றாதீர்கள், முள்ளைத் திருப்பாதீர்கள். அன்று கடைக்குப் போக முடியாது, பின்மூடியைத் திறக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கிறார் என்றால், பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு மூன்று முறை அலசி உப்பை வெளியேற்றி, விசிறிக் காற்றில் காயவைத்து, ஓட்டாமல் மறுநாள் கொடுங்கள். இதில் இரண்டு கருத்து உண்டு. டயல் கெட்டுவிடும் என்பதால் சிலர் இதற்கு ஒப்புக்கொள்வதில்லை. டயல் போனாலும் மெஷின் பிழைக்கட்டும் என்பது என் பக்கம், ஆனால் அப்பாவின் ஜனதா என்றால் டயலைக் கழற்றத் தெரிந்தவரிடம் மட்டுமே கொடுப்பேன். சீக்கிரம் காயும் என்று ஸ்பிரிட்டில் மட்டும் முக்க விடாதீர்கள். பேலட்டின் கற்களும் பேலன்ஸுக்குக் கீழே இருக்கும் சின்னக் கல்லும் அரக்கு வைத்து ஒட்டியவை, ஸ்பிரிட் அரக்கைக் கரைத்துவிடும்.

கட்டாமல் பீரோவில் கிடக்கும் வாட்சுக்கு வருடக் கணக்கு பொருந்தாது. ஓடாத முனை தேயாது. மாதம் ஒருமுறை ஓட்டினால் எண்ணெய் உறையாது என்று சொல்வார்கள். இன்றைய செயற்கை எண்ணெய்களுக்கு அது தேவை என்று நான் நினைக்கவில்லை. ஓட்டாமல் வைத்திருப்பதுதான் நல்லது. ஆனால் பத்து வருடம் கிடந்த வாட்சை எடுத்துத் தினம் கட்டப் போகிறீர்கள் என்றால் முதலில் சர்வீஸ், பிறகுதான் கட்டுவது. பீரோவில் வைக்கும்போது உப்பு துடைத்து, தோல் வாரைக் கழற்றிவிட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடும் டப்பாவில் வையுங்கள். தோல் வாரில் ஊறிய வியர்வைக்குள்ளும் உப்பு இருக்கிறது.

உங்களுக்கு இயல்பாக அமைகிற ஒரு காலமும் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில் படகு கரையில்தான் இருக்கும். வருடா வருடம் ஏப்ரல் பிறந்ததும் ஒரு வாரம் சோதனைகளைச் செய்து நோட்டில் எழுதுங்கள். வாஷர் மாற்ற வேண்டிய வருடமென்றால் படகு நின்றதும் சீக்கோவுக்கு அதை மாற்றுங்கள், கணக்கு கேட்டால் மெஷினையும் கொடுங்கள். ஜனதாவுக்கு இந்த வருடமே ஒரு முழு சர்வீஸ் செய்துவிடுங்கள், ஏனென்றால் கடைசியாக எப்போது செய்தது என்று தெரியாத வாட்ச் அது. திரும்பி வந்த முதல் வாரத்தில் அதே மூன்று சோதனைகளைச் செய்து எழுதிவைத்தால், அடுத்த வருடம் ஒப்பிட உங்களிடம் சொந்தக் கணக்கு இருக்கும். எழுதிய எண்களை இங்கே போட்டால் என் கருத்தைச் சொல்கிறேன். ஆனால் முனையின் தேய்மானத்தை நேரில் லென்ஸ் வைத்துப் பார்ப்பவர் சொல்வதும் நான் சொல்வதும் வேறுபட்டால் அவர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.